கொள்முதல் முகவர்

ஒரு நிறுவனத்துக்காகச் சரக்கைத் தேடி, விலை பேசி, தரம் பார்த்து, குறித்த நாளில் அனுப்பிவைப்பவர் கொள்முதல் முகவர். பணம் வாங்குபவருடையது, உழைப்பு செய்பவருடையது. நடுவில் நிற்பவர் கொடுத்த வாக்குக்குப் பொறுப்பு. தமிழகத்தில் இத்தொழிலை வளர்த்தது துணி.

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசுப்பட்டினத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், சுற்றுவட்டாரத்தில் துணி மலிவாகக் கிடைத்ததுதான். துறைமுகமே இல்லாத மணற்கரை அது. தறிக்காரர்களின் மொழி தெரியாத கம்பெனி, இருமொழி அறிந்த துபாஷிகளையும் உள்ளூர்ப் பெருவணிகர்களையும் நம்பியே வாங்கியது. அவர்களுள் காசி வீரண்ணா 1680இல் இறக்கும்வரை தலைமை வணிகராக இருந்தார். ஆங்கில ஆவணங்கள் அவரைக் ‘காசா வெரோனா’ என்று எழுதின.

லண்டனிலிருந்து தேவைப் பட்டியல் கப்பலில் வரும். தலைமை வணிகர்கள் ஒப்பந்தம் செய்து முன்பணம் பெறுவார்கள். அது கைமாறிக் கைமாறிக் கிராமத் தறிகளுக்குப் போகும். மாதங்கள் கழித்து வந்த துணியை மதராசுக் கோட்டைக் கிடங்கில் விரித்து, மாதிரித் துண்டை அருகே வைத்து, நீளம், அகலம், நெசவின் நெருக்கம் பார்ப்பார்கள். குறைந்தால் விலை இறங்கும், இல்லையேல் துணி திரும்பும். தறிகளை அருகிலேயே வைத்துக்கொள்ள 1734இல் கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அப்படி மருவியது என்பர்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதே பணியைச் செய்தவர்களில் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) முதன்மையானவர். 1736இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை அரசியல் செய்திகளுக்காகவே பலரும் படிக்கிறார்கள். கப்பல் வரவு, சரக்கு, கடன், வணிகர் வழக்கு என்று ஒரு முகவரின் அன்றாடமும் அதில் விரிவாகக் கிடக்கிறது. இத்தொழிலின் வரலாற்றுக்குத் தமிழில் அதைவிடச் சிறந்த மூலம் இல்லை.

வங்கத்தில் 1753இல் கம்பெனி இடைவணிகர்களை விலக்கிச் சம்பளக் குமாஸ்தாக்களை அமர்த்தியது. ஆட்சியதிகாரமும் கைக்கு வந்தபின், அவர்கள் வைத்ததே விலையாயிற்று, நெசவாளர்கள் வதைபட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி வந்தபோது ஏற்றுமதிக் கொள்முதலே வற்றியது.

அது மறுபடி உயிர்பெற்ற இடங்களுள் பெரியது திருப்பூர். 1978இல் வெள்ளைப் பனியன் வாங்க மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியே வந்த இத்தாலிய வணிகரின் பெயரும் வெரோனாதான். தற்செயலான ஒற்றுமை என்றாலும் குறிப்பிடத் தக்கது. மூன்றாண்டில் ஐரோப்பியக் கடைத்தொடர்களும் தேடி வந்தன. அவற்றுக்கும் ஊர்க் கம்பெனிகளுக்கும் நடுவே பையிங் ஏஜென்ட்டுகளும் பையிங் ஆபீஸ்களும் தோன்றின.

இங்கே முதலில் வேண்டியது துணியறிவு. ரவுண்ட் கட்டரைத் துணிமேல் அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் விழும். தராசில் அது 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். தேறிய ஏஜென்ட்டுக்கு விரலிடுக்கில் பிடித்த உடனே ஏறக்குறைய அந்த எண் தெரிந்துவிடும். ஷேடு பார்க்கும் கண்ணும் வேண்டும்: பகல் வெளிச்சத்தில் பொருந்திய சாயம் கடையின் குழல்விளக்கில் வேறாகத் தெரியலாம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், சாயக்கழிவு எங்கே போகிறது என்று கேட்பதும் ஏஜென்ட்டின் வேலையாயிற்று. திருப்பூரின் நொய்யல் ஆறு அழிவதற்கு முன்பே அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

அடுத்தது காஸ்டிங். இந்த வாரத்து நூல் விலை, நிட்டிங், சாயம், கட்டிங், தையல் கூலி எல்லாம் கூட்டி வரும் தொகைக்குக் கீழே ஒருவர் ஆர்டர் எடுத்தால், அது ஏஜென்ட்டின் சாமர்த்தியத்துக்குச் சான்றாகாது. குறைந்த காசு எங்கேனும் வெளிவரும்: மெலிந்த துணியாக, தவறிய ஷிப்மென்ட்டாக, தொழிலாளிக்குத் தராத ஓவர்டைம் பணமாக. கமிஷன் யாரிடம் வாங்குகிறார் என்பதை இரு தரப்புக்கும் சொல்லிவிடும் ஏஜென்ட்டே நம்பத் தக்கவர்.

கடைசிச் சோதனையில் சாம்பிள் மீண்டும் மேசைக்கு வருகிறது. 3,000 உருப்படி கொண்ட சரக்கில், பரவலான 2.5 ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) முறைப்படி 125 உருப்படிகளைப் பிரித்து அந்தச் சாம்பிளோடு ஒப்பிடுவார்கள். ஏழு வரை பழுது இருந்தால் சரக்கு கப்பலேறும். எட்டு இருந்தால் மொத்தமும் நிற்கும்.