ஒரு வேர், இரு பொருள்: ‘கோன்ஸ்கியென்தியா’ பிரிந்ததும் பிரியாததும்

1. சிக்கல்

ஆங்கிலத்தில் ‘கான்ஷியன்ஸ்’ என்றால் மனச்சாட்சி. ‘கான்ஷியஸ்னஸ்’ என்றால் நனவுநிலை. ஜெர்மன் மொழியும் முன்னதைக் ‘கெவிஸ்ஸன்’ என்றும் பின்னதைப் ‘பெவுஸ்ட்ஸைன்’ என்றும் பிரித்தே வழங்குகிறது. பிரெஞ்சிலோ இரண்டுக்கும் ‘கொன்ஸியான்ஸ்’ என்ற ஒரே சொல்தான். இத்தாலியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் நிலை இதுவே. ஆங்கிலச் சொற்களும் பிரெஞ்சு, இத்தாலிய, போர்த்துக்கீசியச் சொற்களும் இலத்தீன் ‘கோன்ஸ்கியென்தியா’வின் வேரிலிருந்து வந்தவை; ‘கெவிஸ்ஸன்’ அந்த இலத்தீன் சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்து அமைக்கப்பட்டது. வேர் ஒன்றாக இருக்க, பொருள் ஏன் சில மொழிகளில் பிரிந்தது, சிலவற்றில் பிரியவில்லை?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று அகராதியாளருடையது. வடிவில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்களை ‘பொய் நண்பர்கள்’ என்று கெஸ்லரும் தெரோக்கினியும் 1928இல் பெயரிட்டுத் தொகுத்தனர். இத்தகைய பட்டியல் மொழிபெயர்ப்பாளனை எச்சரிக்கும். வேறுபாடு தோன்றிய காரணத்தைச் சொல்லாது. மற்றொன்று, மொழியை இனத்தின் மனப்போக்காகக் காண்போருடையது: பிரெஞ்சுக்காரர் அறத்தையும் அறிதலையும் ஒன்றாகக் காண்பதால் ஒரே சொல் வைத்திருக்கின்றனர் என்பர். இவ்விரண்டாம் விடை வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருள் பிரிந்ததற்குக் காரணம், சமய நிறுவனங்கள் அச்சொல்லின் மேல் ஏற்றிய சுமையும், அச்சுமையிலிருந்து விலக விரும்பிய மெய்யியலாளர் கையில் அப்போதிருந்த சொல்லாக்க வசதியுமே ஆகும்.

2. இலத்தீனில் இருந்த முழுமை

‘உடன்’, ‘அறிதல்’ என்னும் இரு உறுப்புகளால் ஆனது இச்சொல். பிறரோடு சேர்ந்து ஒன்றை அறிந்திருப்பதே இதன் அடிப்படைப் பொருள். அதனால்தான் ‘கோன்ஸ்கியுஸ்’ என்ற பெயரடை, சதியில் உடந்தையாக இருந்தவனையும் குறித்தது. அந்த ‘உடன்’ தன்னோடு தான் என்று உள்நோக்கித் திரும்பும்போது, தன் செயலுக்குத் தானே சாட்சியாதல் என்ற பொருள் கிடைக்கிறது. கிரேக்கத்தில் ‘சினெய்தெசிஸ்’ என்ற சொல்லும் இதே அமைப்புடையது. பவுலின் திருமுகங்களில் வரும் அச்சொல்லை இலத்தீன் விவிலியம் ‘கோன்ஸ்கியென்தியா’ என்றே பெயர்த்தது. அறப்பொருள் மேலோங்க இது வழிவகுத்தது.

ஆயினும் அறிதற்பொருள் மறையவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ‘கோன்ஸ்கியென்தியா’ என்பது நம் அறிவை நம் செயலின் மேல் பொருத்திப் பார்ப்பது என்றார். ஒன்றைச் செய்தோம் அல்லது செய்யவில்லை என்று அறிவதும், அதைச் செய்யத் தகும் அல்லது தகாது என்று தீர்ப்பதும், செய்தபின் குற்றஞ்சாட்டுவதும் அதன் வேலைகள் என்று வகுத்தார். இவற்றுள் முதலாவது வெறும் அறிதலே. பின்னவை அறம் சார்ந்தவை. பிற்காலத்தில் இரு சொற்களாகப் பிரிந்தவை அக்குவினாஸிடம் ஒரே சொல்லின் இரு செயல்களாக நிற்கின்றன.

3. சமயம் ஏற்றிய சுமை

1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருச்சபையினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்தாக வேண்டும் என்று விதித்தது. இதன்பின் ‘கோன்ஸ்கியென்தியா’ அறிஞர் நூல்களில் மட்டும் உலவிய சொல்லாக இல்லை. உள்ளத்தைச் சோதித்துப் பாவத்தைக் கண்டறியும் அன்றாடக் கருவியின் பெயராயிற்று. 1340இல் கேன்டர்பரியைச் சேர்ந்த டான் மைக்கேல் என்ற துறவி, அறநெறி பற்றிய பிரெஞ்சு நூலொன்றை ஆங்கிலமாக்கியபோது மனச்சாட்சியைக் குறிக்க ‘இன்விட்’ என்ற தாய்மொழிச் சொல்லைத் தலைப்பில் வைத்தார். அச்சொல் நிலைக்கவில்லை. பிரெஞ்சு வழியே வந்திருந்த ‘கான்ஷியன்ஸ்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் இந்தச் சுமை இன்னும் கூடிற்று. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்ற லூத்தர், தம் மனச்சாட்சி இறைவாக்குக்குக் கட்டுண்டது என்று சொல்லிப் பின்வாங்க மறுத்தார். அதன்பின் ஐரோப்பாவெங்கும் மனச்சாட்சி உரிமை என்பது உயிரைப் பணயம் வைக்கும் அரசியல் முழக்கமாயிற்று. இத்தனை கனத்த ஒரு சொல்லை, ‘நான் இப்போது பார்க்கிறேன் என்பதை நான் அறிகிறேன்’ என்பது போன்ற எளிய உள்ளறிவுக்குப் பயன்படுத்துவது எளிதன்று.

4. பிரிவு நிகழ்ந்த தருணம்

17ஆம் நூற்றாண்டு மெய்யியலுக்கு அந்த எளிய உள்ளறிவைக் குறிக்கும் சொல் தேவைப்பட்டது. தேக்கார்த் 1644இல் இலத்தீனில் எழுதிய ‘மெய்யியல் கோட்பாடுகள்’ நூலில், நாம் உணர்ந்திருக்க நம்முள் நிகழ்வனவெல்லாம் சிந்தனையே என்று வரையறுத்தார். அங்கு அவர் ‘கோன்ஸ்கியுஸ்’ என்ற பெயரடையை ஆண்டார். 1647இல் வெளிவந்த பிக்கோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘கொன்ஸியான்ஸ்’ என்ற சொல்லைத் தொடவில்லை. நாமே நேரடியாகக் கண்டறிவது என்று சுற்றிச் சொல்லிற்று.

ஆங்கிலத்துக்கு வேறொரு வசதி இருந்தது. ‘கான்ஷியஸ்’ என்ற பெயரடை இலத்தீனிலிருந்து புதிதாக வந்திருந்தது. 1601இல் பென் ஜான்சன் தம் நாடகமொன்றில், வாந்தியாக வெளிவரும் புதுப்பாணிச் சொற்களுள் இதையும் சேர்த்து எள்ளினார் என்பதால் அதன் புதுமையை உணரலாம். பாவ அறிக்கையின் நெடிய மரபு அதன் மேல் படியவில்லை. பெயரடையிலிருந்து பண்புப்பெயர் ஆக்கும் ‘னஸ்’ என்ற தாய்மொழி விகுதியோ எதனோடும் இயல்பாக ஒட்டக்கூடியது. ‘கான்ஷியஸ்னஸ்’ என்ற ஆக்கத்தை ரால்ஃப் கட்வொர்த் 1678இல் மெய்யியல் கலைச்சொல்லாக நிறுத்தினார். 1694இல் வந்த, ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’ நூலின் இரண்டாம் பதிப்பு, ஒருவர் அதே ஆளாகத் தொடர்வதற்கு அடிப்படையே இந்த நனவுநிலைதான் என்று நாட்டி அதை நிலைபெறச் செய்தது.

லாக்கின் இந்நூலைப் பிரெஞ்சாக்கியவர் பியேர் கொஸ்த். புராட்டஸ்டன்ட் சமயத்தவர், புலம்பெயர்ந்தவர். எசெக்ஸில் லாக் தங்கியிருந்த மாஷம் குடும்பத்து வீட்டிலேயே ஆசிரியராகப் பணிபுரிந்தபடி அவர் மொழிபெயர்த்தார். அவ்வீட்டுத் தலைவி தாமரிஸ் மாஷம், கட்வொர்த்தின் மகள். இவ்வளவு அருகிலிருந்தும் கொஸ்துக்கு நேர்ச்சொல் கிடைக்கவில்லை. பிரெஞ்சில் அப்போது அதற்கேற்ற பெயரடை வழக்கில் இல்லை. பெயரடை இல்லாததால் அதன் மேல் கட்டப் பண்புப்பெயரும் இல்லை. 1700இல் வந்த தம் பதிப்பில் ‘கொன்’, ‘ஸியான்ஸ்’ என்று நடுவே இணைப்புக்கோடிட்டு எழுதினார். சொல்லை அதன் வழக்குப் பொருளிலிருந்து வேண்டுமென்றே விலக்கிப் பயன்படுத்துவதாக அடிக்குறிப்பில் விளக்கினார்; மால்பிரான்ஷ் முன்னர் சில இடங்களில் அவ்வாறு ஆண்டதைத் துணைக்கு அழைத்தார். மனச்சாட்சி உரிமை மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் அவர். அச்சொல்லின் கனம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அவருடைய மொழிபெயர்ப்பை வைத்து லாக்குக்கு மறுமொழி எழுதிய லைப்னிட்சும் ‘கொன்ஸியோஸிதே’ என்றொரு புதுச்சொல்லைப் படைத்துப் பார்த்தார். பிரெஞ்சு அதை ஏற்கவில்லை.

ஜெர்மன் மொழியில் கிறிஸ்டியன் வோல்ஃப் 1720இல் ‘அறிந்தவனாய் இருத்தல்’ என்ற தொடரைக் கலைச்சொல்லாக்கினார். தொடக்கத்தில் இரு சொற்களாக எழுதப்பட்டது பின்னர் ‘பெவுஸ்ட்ஸைன்’ என்று ஒன்றாயிற்று. பெயரடையோடு ‘இருத்தல்’ என்ற வினையைக் கூட்டிப் பெயராக்கும் உரிமையை ஜெர்மன் இலக்கணம் அவருக்குத் தந்தது.

5. மறுப்பும் விடையும்

கொஸ்தின் இக்கட்டை எத்தியேன் பலிபார் 1998இல் விரிவாக ஆராய்ந்து, நனவுநிலை என்ற கருத்தாக்கத்தின் பிறப்பில் லாக்குக்கும் அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கும் உள்ள பங்கை நிறுவியிருக்கிறார். அதிலிருந்து ஒரு கேள்வி எழலாம்: பிரிவின் தோற்றம் தற்செயலானது என்றே கொள்வோம்; மூன்று நூற்றாண்டுகள் ஒரே சொல்லோடு வாழ்ந்தபின் பிரெஞ்சுச் சிந்தனை வேறாக உருவாகியிராதா?

பிரெஞ்சு வழக்கே இதற்கு விடை தருகிறது. தேவைப்படும்போது அம்மொழி ‘அறவியல்’, ‘உளவியல்’ என்ற அடைகளைச் சேர்த்துப் பொருளைப் பிரித்துக்கொள்கிறது. மயங்கி விழுவதைச் சொல்ல, ‘அறிவு’ என்று பொருள்படும் ‘கொனெஸான்ஸ்’ போய்விட்டது என்கிறது. 1762இல் ரூசோ அறத்தின் உள்ளொலியையும் 1889இல் பெர்க்சன் நனவின் நேர்த்தரவுகளையும் அதே சொல்லால் எழுதினர், வாசகர் குழம்பவில்லை. லூக்காச்சின் ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ 1923இல் ‘பெவுஸ்ட்ஸைன்’ என்ற சொல்லோடு ஜெர்மனில் வந்தது. 1960இல் பிரெஞ்சில் ‘கொன்ஸியான்ஸ்’ என்ற சொல்லோடு வந்தது. அறநூலாக யாரும் அதைப் படிக்கவில்லை. ஸ்பானிய மொழியும் இதையே காட்டுகிறது: ‘கொன்சியென்சியா’ இரு பொருளையும் தரும், ஒரு மெய் கூடிய மாற்று வடிவம் நனவுப்பொருளுக்கு மட்டுமே ஏற்கப்படும். பிரிவு அங்கே பாதியில் நிற்கிறது. மனப்போக்கே காரணம் என்றால் இந்தப் பாதி நிலையை எப்படி விளக்குவது?

எனினும் பிரியாத சொல்லுக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போர்த்துக்கீசியத்தில் கல்விச் சிந்தனையாளர் பாவ்லோ ஃபிரெய்ரே பரவலாக்கிய ‘கொன்சியென்டிசசாவ்’ என்ற சொல், ஒடுக்குமுறையை அறிவதையும் அதற்கெதிராகச் செயல்படும் பொறுப்பையும் ஒருங்கே தாங்குகிறது. ஆங்கிலம் அதற்குத் தன் இரு சொற்களில் எதையும் ஆளாமல், அந்தச் சொல்லையே சற்றே திரித்துக் கடன் வாங்கிற்று. இங்கே மொழி சிந்தனைக்குச் சிறையிடவில்லை. ஆயத்தமாக நின்ற ஒரு பொருளிணைவைச் சிந்தனையாளர் தேர்ந்து பயன்படுத்தினார்.

6. முடிவு

சொல்லொன்றின் பொருள் மொழிக்கு மொழி மாறும்போது, அதை மக்களின் இயல்புக்குச் சான்றாக்கும் முன் மூன்றைக் கேட்டாக வேண்டும்: அச்சொல்லை ஆண்ட நிறுவனம் எது? அதிலிருந்து விலக வேண்டிய தேவை யாருக்கு, எப்போது எழுந்தது? அத்தேவையை நிறைவேற்ற அம்மொழியின் இலக்கணம் என்ன தந்தது? ‘கோன்ஸ்கியென்தியா’வைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஆண்டோடு விடை உண்டு.

பிரெஞ்சு நூல்கள் பல ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வருவதால் இது நமக்கும் உரிய கேள்வி. ‘மனச்சாட்சி’யா ‘நனவுநிலை’யா என்ற தேர்வை அங்கே நமக்கு முன்பே ஆங்கில மொழிபெயர்ப்பாளர் செய்துவிடுகிறார். மூலத்தைத் திறந்து அத்தேர்வைச் சரிபார்ப்பது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கடமை. மூலத்தில் இரு பொருளும் வேண்டுமென்றே கலந்து நிற்கும் இடங்களில் அக்கலப்பைத் தமிழில் காப்பதும் அக்கடமையில் சேரும்.