1910 ஜனவரி: அடையாற்றுப் பையனும் கொட்டகுடி ரோப்வேயும்

இந்தியானா ஜோன்ஸ் என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது தொப்பியும் சவுக்கும். எனக்கு நினைவு வருவது மிஸ் சீமோர் என்ற டீச்சர். சினிமாவில் அவர் கிடையாது. அந்தச் சினிமா நாயகனின் சின்ன வயதைச் சொல்ல ஜார்ஜ் லூகாஸ் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் வருகிறார். பையனுடைய அப்பா பேராசிரியர். 1908இல் உலகம் சுற்றி விரிவுரை நிகழ்த்தக் கிளம்புகிறவர், ஆக்ஸ்ஃபோர்டில் தனக்கே பாடம் சொன்ன மிஸ் சீமோரை மகனுக்கு ஆசிரியையாகக் கூட்டிக்கொண்டு போகிறார். கண்டிப்பானவர். கப்பலிலும் பாடம், ஒட்டகத்தின் மேலும் பாடம். வேலையில் இருந்த காலம் முழுக்க வரலாறு நடத்திய எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அந்தத் தொடர் 1992 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1993 ஜூலை வரை ஓடியது. 1899இல் பிறந்ததாகச் சொல்லப்படும் பையன் எகிப்தில் டி.இ. லாரன்ஸைப் பார்க்கிறான். பாரிஸில் பிக்காசோ, வியன்னாவில் ஃப்ராய்ட், ரஷ்யாவில் டால்ஸ்டாய். சினிமாவில் அந்த நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு ஒரே ஒரு பகுதியில் வந்து போவார். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது பேச்சும் பயணமும்தான். தொடர் நீடிக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கும். என் தம்பி மகன் சென்னையிலிருந்து வரும்போது அதன் டிவிடிக்களை வாங்கி வந்தான். போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் என் வீட்டுத் திண்ணையில் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் பாதி புரியாது. நான் இடையிடையே நிறுத்திச் சொல்வேன்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒவ்வொரு பகுதியின் தலைப்பு. ஊர்ப் பெயர், மாதம், வருடம், அவ்வளவுதான். இந்தியாவுக்கு வரும் பகுதியின் பெயர் 'பனாரஸ், 1910 ஜனவரி'. இயக்கியவர் தீபா மேத்தா.

இதன் அருமை தெரிய, அதற்கு முன் வந்த சினிமாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1984இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தின் கதை நடப்பது இந்தியாவில். திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு படப்பிடிப்புக்கு இசையவில்லை. படக்குழு இலங்கைக்குப் போய்க் கண்டிப் பக்கம் எடுத்தது. கிராமத்தின் பெரியவர் சிங்களத்தில் பேசுகிறார், பார்க்கிறவர்கள் அதை வட இந்தியா என்று நம்ப வேண்டும். அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிறார்கள். அம்ரீஷ் பூரி எவ்வளவோ திறமையான நடிகர். அவருக்குக் கொடுத்த வேலை நரபலி கொடுப்பது. அந்தப் படத்தை நான் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதே கதாநாயகனைக் குழந்தையாக்கி, ஒரு இந்தியப் பெண்ணின் கையில் கொடுத்து, இன்னொரு இந்தியச் சிறுவனோடு மதங்களைப் பற்றிப் பேச வைத்தார்களே, அதை ஒரு திருத்தமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். தீபா மேத்தாவுக்கும் பிறகு இதே பாடுதான். 2000இல் வாரணாசியில் 'வாட்டர்' படம் எடுக்கப் போனவரைப் போராட்டம் நடத்தி நிறுத்தினார்கள். அவரும் கடைசியில் இலங்கைக்குப் போய்த்தான் அந்தப் படத்தை முடித்தார்.

பனாரஸ் பகுதியில் இண்டி என்கிற அந்தப் பையன் நட்பாகும் சிறுவன், பின்னாளில் தத்துவச் சிந்தனையாளராக அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி. பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட் வருகிறார், அதே சபையின் லெட்பீட்டர் வருகிறார். சிறுவர்கள் இருவரின் பேச்சும் மெதுவாக, அழகாகப் போகிறது. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. 1910 ஜனவரியில் கிருஷ்ணமூர்த்தி பனாரஸில் இல்லை. சென்னையில், அடையாற்றில் இருந்தார்.

அந்தக் கதையைச் சரியான இடத்தில் வைத்துச் சொல்கிறேன். மதனப்பள்ளியில் 1895 மே மாதம் பிறந்த பிள்ளை. பத்து வயதில் தாய் சஞ்சீவம்மா இறந்துபோனார். தந்தை ஜிட்டு நாராயணய்யா ஓய்வு பெற்ற தாசில்தார், பழைய பிரம்மஞான சபைக்காரர். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்த முடியாமல், சபையில் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அடையாற்றுக்கு வந்தார். சபையின் தோட்டத்துக்கு வெளியே பழைய, வசதியில்லாத வீடு. கிருஷ்ணமூர்த்தியும் தம்பி நித்யானந்தாவும் அங்கிருந்து தினமும் மயிலாப்பூருக்கு நடந்து போய்ப் படித்தார்கள்.

தம்பி சூட்டிகை. அண்ணனை மண்டு என்றார்கள். நோஞ்சான் உடம்பு, மலேரியா வந்து போன பிள்ளை, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். வாத்தியார் அடித்தார், வெளியே நிற்க வைத்தார். இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்து போக முடியாது. என் வகுப்புகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். தாயும் தகப்பனும் விடிகாலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலக்காய் எடுக்கப் போய்விடுவார்கள். வீட்டில் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கைக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரும். முதல் மணியிலேயே கண் சொருகும். அந்தப் பிள்ளையை மண்டு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் தூங்குகிறது என்று கேட்க வீடு வரைக்கும் போக வேண்டும்.

1909 கோடையில் அடையாற்றுக் கடற்கரையில் குளிக்கப் போன லெட்பீட்டரின் கண்ணில் இந்தச் சிறுவன் பட்டான். துளி சுயநலமும் கலக்காத ஒளி இவனைச் சுற்றி இருக்கிறது என்று அவர் சொன்னார். கூட இருந்த எர்னஸ்ட் வுட் அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி செய்தவர். அவருக்கு ஒரே ஆச்சரியம், இவனா என்று. ஒளிவட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. லெட்பீட்டர் மேல் அதற்கு முன்பே கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்து, 1906இல் சபையை விட்டு விலகி, மறுபடி சேர்க்கப்பட்டவர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் எல்லோரும் மண்டு என்று ஒதுக்கிய பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் நின்று பார்த்தார் என்பது நடந்த உண்மை.

அந்த நவம்பர் கடைசியில் சென்னைக்கு வந்த அன்னி பெசன்டைக் கிருஷ்ணமூர்த்தி முதன்முதலாகப் பார்த்தார். டிசம்பரில் பெசன்ட் பனாரஸ் போய்விட்டார். தொடர் காட்டும் 1910 ஜனவரி அதற்குப் பிறகுதான். 10ஆம் தேதி மாலையிலிருந்து 12ஆம் தேதி காலை வரை, அடையாற்றில் பெசன்டின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லெட்பீட்டரும் அந்தப் பதினான்கு வயதுப் பையனும் உள்ளே இருந்தார்கள். வெளியே காவல். வரப்போகும் உலக குரு இவன்தான் என்று நம்பிய சபையின் பார்வையில் அது தீட்சை. வெளியே வந்த பையன் தான் கண்டதையெல்லாம் எழுதினான், அது பனாரஸில் இருந்த பெசன்டுக்குப் போயிற்று. ஆக, அந்த ஜனவரியில் பனாரஸுக்குப் போனது பையனுடைய கடிதம். பையன் போனது அந்த வருடத்தின் பிற்பகுதியில்தான்.

சில மாத வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். கேமராவுக்கு முன்னால் கங்கைப் படித்துறை வந்தால் இந்தியா என்று உலகத்துக்கே தெரியும். அடையாற்றின் கழிமுகமும் ஆலமரமும் வந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் தெற்கில் நடந்த கதையும் வடக்கில் நடந்ததாகிவிடுகிறது. தேதியைத் தலைப்பிலேயே போட்டுப் பிள்ளைகளை நம்பவைக்கிற தொடர், அந்தத் தேதிக்கு உரிய ஊரையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

மீதிக் கதையிலும் சென்னைதான் முக்கியம். 1910 மார்ச்சில் நாராயணய்யா பிள்ளைகளின் பொறுப்பைப் பெசன்டிடம் எழுதிக்கொடுத்தார். பிறகு மனம் மாறி, பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு 1912இல் வழக்குப் போட்டார். பெசன்ட் தனக்காகத் தானே வாதாடினார். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிப் பெசன்டை ஜெயிக்க வைத்தது. நாராயணய்யாவுக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். கொஞ்ச காலத்தில் அவரே பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். 1936இல் திருவிதாங்கூர் திவானும் ஆனார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் காது நிமிரும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலமலை முழுவதும் அப்போது திருவிதாங்கூர் அல்லவா? எங்கள் ஊர் ஆட்கள் பிழைக்கப் போன மலை அது.

கிருஷ்ணமூர்த்தியோ 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் என்ற ஊரில், தன்னை உலக குருவாக்க உண்டாக்கிய அமைப்பைத் தானே கலைத்தார். உண்மைக்குப் பாதை போட முடியாது என்று சொல்லிவிட்டு, சொத்துகளையும் திருப்பிக் கொடுத்தார். மயிலாப்பூர் வகுப்பறைக்கு வெளியே நின்ற பையன் அவர்.

படம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் கேட்டாள்: "டீச்சர், அந்தப் பையன் நம்ம ஊருப் பக்கமெல்லாம் வரலையா?"

"வரல. வந்திருந்தா என்ன பார்த்திருப்பான், சொல்லு பார்ப்போம்."

"1910லயா? நம்ம பக்கம் என்ன இருந்திருக்கும், வெறும் காடு."

வெறும் காடு இல்லை. மேலே மூணாறு மலையில் 1897இலேயே கண்ணன் தேவன் கம்பெனி வந்துவிட்டது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். இண்டி பனாரஸில் திரிந்ததாகச் சொல்லும் அதே ஜனவரியில், நம் தலைக்கு மேலே மேகத்துக்குள் அந்தக் குட்டி ரயில் கூவிக்கொண்டு போயிருக்கிறது.

டாப் ஸ்டேஷனில் மலை செங்குத்தாக இறங்குகிறது. ரயில் அதற்கு மேல் வர முடியாது. அங்கிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே. தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கும். கொட்டகுடியில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிப் போடிக்குக் கொண்டு வருவார்கள். போடியில் அப்போது ரயில் கிடையாது, அது 1928இல்தான் வந்தது. அதனால் வண்டிப் பயணம் போடியோடு முடியாது. பின்னர் தூத்துக்குடியில் கப்பல் ஏறி அந்தத் தேயிலை இங்கிலாந்து போய்ச் சேரும். லண்டனில் யாரோ குடித்த தேநீர் நம் வயல் ஓரத்து வண்டிப் பாதையில் குலுங்கிப் போனதுதான்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாளக் கணக்கில் 1099ஆம் வருடம் என்பதால், மலைக்கு அந்தப் பக்கம் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளம் என்கிறார்கள். அந்தக் குட்டி ரயில்பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவேயில்லை. போடி ரயிலுக்கும் ஒரு இடைவெளி வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய வண்டி 2023இல்தான் திரும்பி வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் போடி ஸ்டேஷனில் ரயிலையே பார்க்காமல் வளர்ந்தவர்கள்.

அன்று மாலை பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். தலைப்பை நானே பலகையில் எழுதினேன்: 'கொட்டகுடி, 1910 ஜனவரி'. இண்டியும் மிஸ் சீமோரும் வந்து இறங்குகிறார்கள், மேலே எழுதுங்கள் என்றேன். ஒருவன் ரோப்வேயில் இண்டியைத் தொங்கவிட்டுக் கம்பியை அறுத்தான், அது எதிர்பார்த்ததுதான். அந்த ஏழாம் வகுப்புப் பெண் அப்படி எழுதவில்லை. அவள் கதையில் மிஸ் சீமோர் பையனைப் பெட்டி எண்ணச் சொல்கிறார். எண்ணி முடித்ததும், சுமந்து இறக்கிய ஆளுக்கு ஒரு பெட்டிக்கு என்ன கூலி என்று கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டு வரச் சொல்கிறார். கணக்கப்பிள்ளை பதில் சொல்லாமல் பேரேட்டை மூடுகிறார். இண்டி நகராமல் அங்கேயே நிற்கிறான்.