பீரோவும் மாட்டு வண்டியும்

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுத்துப் பழகிய பிறகுதான் ஓலைக்குப் போவான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாம் வாய்வழியே ஏறின. சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். முந்திரி, அரைக்கால் போன்ற பின்னக் கணக்கையெல்லாம் மனத்தாலேயே போடுகிறவர்களை அந்தப் பழக்கம் உருவாக்கியது. ஆனால் முன்பின் கேட்டிராத ஒன்றைப் பிள்ளை தானே படித்துப் பொருள் காணும் வேலை அங்கே அநேகமாக இல்லை.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஜில்லாதோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,000க்கு மேற்பட்ட பள்ளிகள் கணக்கில் வந்தன. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பாராட்டினார். கூடவே, பாடங்களின் செய்யுள் நடை பேச்சிலிருந்து வெகுதூரம் விலகியது, பிள்ளைகள் பொருள் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள் என்றும் எழுதினார். அவர் பார்த்தது தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளில் பாடம் நடத்திய எனக்கு அந்தக் குறை அந்நியமாகப் படவில்லை.

வாய்ப்பாட்டை மளமளவென்று சொல்லும் பையன் வழிக்கணக்கில் நின்றுவிடுவான். கூட்டல் தெரியாமல் அல்ல, நான்கு வரிக் கேள்வியைக் கடைசிவரை படித்துப் பழக்கமில்லாமல். கதைப்புத்தகம் கையில் எடுக்கிற பிள்ளைகள் அங்கே திணறுவது குறைவு. அறிவியல், வரலாறு எதுவானாலும் புதுச் சொல் வந்தால் அக்கம்பக்கத்து வரிகளை வைத்து ஊகிப்பார்கள். ஆண்டுதோறும் வகுப்பில் இதைக் கண்டேன்.

அப்படித் தானே படிக்கும் பழக்கத்துக்கான ஏற்பாடு எங்கள் ஜில்லாவில் முன்பே நடந்தது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவருக்குப் பின்னாலிருந்து ஊக்கம் தந்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். புத்தகம் அடுக்கில் தூங்குவதற்கல்ல, பயன்படுவதற்கு என்பது நூலகவியலுக்கு ரங்கநாதன் வகுத்த முதல் விதி. அவருடைய முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஊர்க்காரர்களின் காசில் ஊருக்கு நூலகம் என்பதை நம் மாகாணம்தான் சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டமாக்கியது. இதற்காக நாம் எத்தனை பெருமைப்பட்டாலும் தகும்.

பிள்ளைகளுக்கென்று தனியே அச்சான எழுத்தும் அதே காலத்தில் பெருகியது. 1947இல் அம்புலிமாமா, 1950இல் கண்ணன் ஆகிய இதழ்கள், அழ. வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகங்கள். பேச்சுக்கு அருகில் வரும் எளிய வாக்கியம், அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் கதை. கேம்பெல் சொன்ன குறைக்கு உண்மையான மருந்து இந்தத் தாள்களில்தான் கிடைத்தது என்பேன்.

பள்ளிகள் மட்டும் பின்தங்கின. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையிலிருந்த இரும்பு பீரோ. ஆய்வாளர் வரும் நாளில் திறக்கும். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்தான் பூட்டுக்குக் காரணம். பிள்ளை கையில் கிழியும் புத்தகத்தைச் செலவில் எழுதி, அடுத்ததை வாங்க ஆசிரியருக்கு அதிகாரம் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.