கைக்காசுள்ள பெண்கள்: விவிலியக் கதைகள் தமிழில் கைமாறிய வரலாறு

சாந்தோம் பேராலயத்தைத் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கமாக லூப் ரோட்டில் நடந்தால் நொச்சிக்குப்பம் வரும். பட்டினவர் குப்பம், இந்துக்களே அதிகம். ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். மீன் கரையேறியதும் அது பெண்களின் பொறுப்பு. ஏலம் கேட்பது, ஐஸ் போட்டு வைப்பது, நெத்திலியைக் கூறு கட்டுவது, வஞ்சிரத்தை அரிவாள்மனையில் துண்டு போட்டுக் கொடுப்பது, யார் எவ்வளவு பாக்கி என்று மனத்திலேயே கணக்கு வைத்து வசூலிப்பது எல்லாம் அவர்கள் வேலை. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கை ஒட்டி மாநகராட்சி சாலையோர மீன்கடைகளை அகற்றியது. அப்போது மறியலில் உட்கார்ந்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது.

விவிலியப் பெண்களைப் பற்றிய ஆய்வை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. நற்செய்திகள் நான்கும் பெருமளவு மீனவர் கதைகள். வலையை விட்டுவிட்டுப் போன ஆண்களை அவை பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கின்றன. வலையை விட்டவனின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று குப்பத்துப் பெண் கேட்கக்கூடிய கேள்விக்கு அவற்றில் நேரான பதில் இல்லை. சாடையான பதில் ஒன்று லூக்கா நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இருக்கிறது. இயேசுவோடு ஊர் ஊராகப் போனவர்களில் மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். தங்கள் உடைமையைக் கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாங்கியவர்கள் அவர்களே. மரியாளின் ஊரான மகதலா கலிலேயக் கடலோரத்தில் உப்பிட்ட மீனுக்குப் பேர்போன இடம், நம்மூர் வழக்கில் சொன்னால் கருவாட்டுத் துறை. இயக்கத்தின் செலவில் பெண்களின் பணமும் இருந்தது என்பது இப்படிப் போகிற போக்கில் பதிவாகி, போகிற போக்கிலேயே மறக்கப்பட்டது.

மறக்கப்பட்ட விதத்துக்கு மரியாளே சான்று. 591-இல் போப் முதலாம் கிரகோரி தம் மறையுரையில் அவரையும் லூக்கா 7-இல் வரும் பெயரற்ற பாவியான பெண்ணையும் ஒருவராக்கினார். மேலைத் திருச்சபை ஏறத்தாழ 14 நூற்றாண்டுகள் அதையே சொல்லிவந்தது. 1969-இல் உரோமை நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் இரு பெண்களும் பிரிக்கப்பட்டார்கள். ஆனாலும் பிரசங்கங்களில் இன்றும் அந்தப் பாவியைப் போல இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைப்பவராகவே மரியாள் வருகிறார். பணம் கொடுத்தவர் கண்ணீர் விட்டவராக மாறியது சிறிய மாற்றமல்ல.

தமிழுக்கு இந்தக் கதைகள் வந்த வழியிலும் அதே மாற்றம் நடந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் இறந்தார். மீதியை முடித்தவர் பின்னர் சென்னைக்கு வந்து ஊழியம் தொடங்கிய சூல்ட்சே. ரூத் அறுவடை வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த அயலூர்க் கைம்பெண். மாமியாரையும் மருமகளையும் காப்பாற்றிய கூலி அந்தக் கதிரே. ஆனால் தமிழ் மேடைகளில் ரூத் என்றால் மாமியாரை மதித்த மருமகள். கல்யாண வீட்டு ஆசீர்வாதங்களில் அவர் பெயர் சொல்லப்படுவதும் அதற்காகத்தான்.

காவிய மரபு இன்னும் விசித்திரமானது. வீரமாமுனிவரின் தேம்பாவணி, 1726, யோசேப்பைத் தலைவனாகக் கொண்டது. அதற்கு மூலமாக அமைந்ததோ ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியாள் எழுதிய, தேவமாதாவின் வாழ்க்கையைக் காட்சியாகக் கண்டு சொல்லும் நூல். 1681-இல் உரோமையின் தடைக்குச் சில காலம் ஆளான நூல் அது. ஒரு பெண் மற்றொரு பெண்ணின் கண் வழியே சொன்னதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது முனிவர் ஆணைத் தலைவனாக்கிக்கொண்டார். காப்பிய இலக்கணம் கேட்டது அதுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை.

1800-இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் பெண் மையத்துக்கு வருகிறாள், ஆனால் உருவகமாக. தேவமோகினி என்ற தலைவி திருச்சபை, குறத்தி விசுவாசம். குறவஞ்சி என்ற வடிவத்தில் ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லிப் பரிசு வாங்கும் பெண் குறத்திதான். பக்தி வடிவத்தில் அந்தப் பிழைப்பு கரைந்து ஞானப்பொருளாகிவிட்டது.

இதற்குச் சற்று முன்பே பாளையங்கோட்டையில் ஒரு பெண் வேறு மாதிரி நடந்துகொண்டார். கோகிலா என்ற தஞ்சாவூர்ப் பிராமணக் கைம்பெண், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி இறந்த பின், 1778-இல், குளோரிந்தாள் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருக்கும் 40 பெயர்களில் முதல் பெயர் அவருடையது. 1785-இல் அவர் கட்டியெழுப்பிய கோயிலை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். அவர் பெயரில் ஒரு கிணறும் உண்டு. யோவான் 4-இல் கிணற்றடியில் நிற்கும் சமாரியப் பெண்ணும் சேர்ந்து வாழும் ஆணைக் குறித்துக் கேள்வி கேட்கப்பட்டவர்தான். அங்கே கேட்ட இயேசு அவரைக் காத்திருக்க வைக்கவில்லை. அ. மாதவையா 1915-இல் குளோரிந்தாளை ஆங்கில நாவலாக்கினார். பண்டித ரமாபாய் இங்கிலாந்தில் இருந்தபோது அவரை அசைத்ததும் இதே சமாரியப் பெண்ணின் கதைதான். கைவிடப்பட்ட பெண்களுக்காகச் சபைச் சகோதரிகள் நடத்திய இல்லத்தில் அதைக் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு அவர் விவிலியம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1924-இல், அது கேட்காவ் முக்தி இல்லத்திலிருந்து வெளிவந்தது.

சொல்லும் இடத்துக்குப் பெண் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். லண்டனில் எலன் ரான்யார்ட் 1857-இல் தொடங்கிய ஏற்பாட்டைப் பார்த்து மிஷன்கள் இங்கேயும் ஏழைப் பெண்களையும் கைம்பெண்களையும் விவிலியக் கதை சொல்ல மாதச் சம்பளத்துக்கு அமர்த்தின. பைபிள் உமன் என்று ஊரில் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகர் சத்தியநாதனின் மனைவி அன்னா சத்தியநாதன் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், அந்தப்புரப் பெண்களைத் தேடிப்போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார், 'நல்ல தாய்' என்ற நூலையும் எழுதினார். பைபிள் உமன் கதை சொன்னது பிரசங்க மேடையில் அல்ல, நடையிலும் முற்றத்திலும். கேட்பவள் குறுக்கே பேசலாம்; மேடைக்கு எதிரே அது நடக்காது. என்ன சொன்னார்கள் என்று மிஷனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது உண்மை. மேற்பார்வை வெள்ளைக்கார அம்மாக்களுடையது. ஆனாலும் விவிலியக் கதையைச் சொல்லி அதற்குக் கூலி வாங்கிய தமிழ்ப் பெண் கூட்டம் இது. இவர்களின் நேரடிக் குரல் கிடைப்பது அரிது. இருப்பது மேற்பார்வையாளர்கள் அனுப்பிய அறிக்கைகள்தான். யார் எழுதிய அறிக்கை என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

பெண்களின் பக்கம் நின்று படிப்பதற்கு இறையியல் கல்லூரிகள் பின்னால்தான் வந்தன. 1969-இல் உருவான மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த கபிரியேலே தீட்ரிக், குடிசைப் பகுதிப் பெண்களிடையே இயங்கிய பெண்ணுரிமை இயக்கத்திலும் பங்கெடுத்தார். சென்னை குருகுல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு இடம் உண்டாக்கினார். அதன் பிறகு சமாரியப் பெண்ணின் கிணறு ஊர்க் கிணறாக, யார் தண்ணீரை யார் குடிக்கலாம் என்ற சாதிக் கேள்வியாகப் படிக்கப்பட்டது. ஆபிரகாமின் வீட்டிலிருந்து பிள்ளையோடு விரட்டப்பட்ட ஆகார், வீட்டுவேலைத் தொழிலாளியாக வாசிக்கப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-இல் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார்.

இத்தனைக்குப் பிறகும் மீனவர் வீட்டுப் பெண்களின் பக்கம் வாசிப்பு அதிகம் போகவில்லை. செபதேயுவின் மனைவியை எடுத்துக்கொள்வோம். மாற்கின்படி அந்த வீட்டில் கூலியாட்கள் வைத்துத் தொழில் நடந்தது. அவர் பிள்ளைகள் யாக்கோபும் யோவானும் படகிலேயே அப்பனை விட்டுப் போனார்கள். பிறகு, உம் வலப்பக்கமும் இடப்பக்கமும் எங்களுக்கு இடம் வேண்டும் என்று இருவரும் இயேசுவிடம் தாங்களே கேட்பதாக மாற்கு 10-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே சம்பவத்தை மத்தேயு 20-இல் சொல்லும்போது கேட்பவர் அம்மா. மாற்கு முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியானால் பிள்ளைகளின் பேராசையைத் தாயின் தலையில் கட்டியது பிற்காலத்துக் கை. பிரசங்கங்களில் பெரும்பாலும் ஒலிப்பது மத்தேயுவின் கதைதான், பேராசைக்கார அம்மாவுக்கு எச்சரிக்கையாக.

ஆனால் அதே மத்தேயு 27-இல், சிலுவைச் சாவைத் தொலைவில் நின்று பார்த்த பெண்களின் பட்டியலில் அவர் இருக்கிறார். கைதான இரவிலேயே சீடர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. தொழிலுக்கு இரண்டு ஆள் குறைந்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். இடம் கேட்டவர் அவர்தான் என்றே வைத்துக்கொண்டாலும், கொடுத்ததற்குக் கணக்குக் கேட்டார் என்று அதைப் படிக்க முடியும். லூப் ரோட்டில் மீன் விற்கும் எந்த அக்காவுக்கும் அந்த வாசிப்பு புதிதாக இருக்காது.