பதினைந்து மில்லிமீட்டர் மாடு

வரலாற்றுச் சம்பவமொன்றைச் சிற்றுருக் காட்சியாக, டயோரமாவாகச் செய்து பார்ப்பது ஐரோப்பாவில் பலருக்குத் தீவிரமான பொழுதுபோக்கு. அருங்காட்சியகங்களுக்கு அது கல்விக் கருவியும்கூட. இதில் மனிதருக்குப் பஞ்சமில்லை. ரோமானியச் சிப்பாய், சிலுவைப்போர்க்காரன், நெப்போலியனின் பீரங்கிக்காரன் என்று எல்லோரும் பெட்டிபெட்டியாகக் கிடைக்கிறார்கள். சீருடையில் ஒரு பொத்தான் கூடினாலோ குறைந்தாலோ சண்டைக்கே வந்துவிடுவார்கள். ஆனால் அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் மாடு? ஏதோவொரு பண்ணைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மாடு. மனிதனுக்கு வரலாறு உண்டு, மாடு மட்டும் என்றைக்கும் மாடுதான் என்கிற நினைப்பு இதற்குள் வேலை செய்கிறது. அந்த நினைப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று ஒரு கைவிடப்பட்ட கிராமம். (நம்மூர்க் குத்தகை வாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் முன்னின்று நடத்திய அகழாய்வு 1990 வரை நாற்பது கோடைகள் நீடித்தது. மத்தியகாலக் குடியானவர் வாழ்க்கையைச் சிற்றுருவாகச் செய்ய நினைப்பவருக்கு இதைவிடத் தகவல் நிறைந்த ஊர் அரிது. வீட்டின் அடித்தளம், உழவுச்சால், தேவாலயம், எலும்பு எல்லாம் அங்கே உண்டு.

சரி, ஊருக்கு மாடு வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உருவங்கள் அதிகம் வரும் 1:72 ஸ்கேலில் 170 செ.மீ. உயர ஆள் ஏறத்தாழ 24 மி.மீ. இருப்பான். இன்றைய ஹோல்ஸ்டீன் பசு தோளில் 145 செ.மீ. நிற்கும், இந்த ஸ்கேலில் அது 20 மி.மீ. மத்தியகால இங்கிலாந்தின் மாட்டெலும்புகள் காட்டும் உயரமோ 110 செ.மீ.யை ஒட்டியது. அதாவது 15 மி.மீ. ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே வரும் மாடு. ஆக, பெட்டியின்மேல் ‘சரியான ஸ்கேல்’ என்று அச்சிட்டிருப்பதுதான் இங்கே தவறான மாடு. ரயில் பொம்மைக்காரர்களின் 1:87 பெட்டியிலிருக்கும் பசு 16.7 மி.மீ.; 1:100இல் அதுவே 14.5 மி.மீ. மத்தியகாலத்து மாடு வேண்டுமென்றால் வேறு ஸ்கேல் பெட்டியைத்தான் தேடிப்போக வேண்டும்.

அளவு மட்டும் சரியானால் போதாது. பருத்த மடியை அராவித் தள்ள வேண்டும், கொம்பு வைக்க வேண்டும், கறுப்பு வெள்ளைத் திட்டுகளை அழிக்க வேண்டும். பன்றி இன்னும் மோசம். இளஞ்சிவப்பாக, உருண்டையாக, குட்டை மூக்கோடு பண்ணைப் பெட்டியில் வரும் பன்றி 18ஆம் நூற்றாண்டில் சீனப் பன்றிகளோடு நடந்த கலப்பின் வாரிசு. மத்தியகாலப் பன்றிக்கு நீண்ட மூக்கு, நீண்ட கால், முதுகில் முள்மயிர். காட்டுப்பன்றி உருவம் ஒன்றைச் சிறிய ஸ்கேலில் வாங்குவதே உத்தமம். கோழியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1:72இல் அது ஒரு பொட்டு.

இந்தப் பண்ணைப் பெட்டி எங்கிருந்து வந்தது? பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இலிருந்து உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்றது. முதல் உலகப்போருக்குப் பிறகு, போர்ப் பொம்மை கசந்துபோயிருந்த 1920களில், அது பண்ணைத் தொகுதியைக் கொண்டுவந்தது. சமாதானத்தின் பொம்மையாக வந்த இந்தப் பண்ணை, வேலியடைப்புகள் முடிந்து, பொதுநிலம் போய், கூலியாட்கள் மட்டும் மிஞ்சிய இங்கிலாந்தின் பண்ணை. பொம்மை பெரியவர்களின் உலகத்தை இயற்கையானதாகக் குழந்தைக்குப் பழக்குகிறது என்று ரோலான் பார்த் 1957இல் எழுதினார். ராணுவமும் தபாலாபீசும் அவர் கண்ணில் பட்டன. பண்ணை விலங்குக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்; ஏனெனில் விலங்கு ஏற்கெனவே ‘இயற்கை’யின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. நம் கொலுப்படியில் கண்ணனுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைச் சீமைப்பசு நிற்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

விலங்கின் உருவத்தில் பொய் சொல்வது பொம்மையோடு தொடங்கியதுமல்ல. லெஸ்டர்ஷயரின் ராபர்ட் பேக்வெல் (1725–1795) செம்மறியையும் மாட்டையும் இறைச்சிக்காகத் தேர்ந்து வளர்த்து, கிடாக்களைப் பருவ வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்த காலத்தில், நிலக்கிழார்கள் தங்கள் கொழுத்த விலங்குகளை ஓவியமாக்கி மாட்டிக்கொண்டார்கள். செதுக்கோவியரான தாமஸ் பியூவிக் தம் நினைவுக்குறிப்பில் ஒன்று சொல்கிறார்: விலங்கில் இல்லாத கொழுப்புத் திரளைகளைப் படத்தில் சேர்க்கச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். கண்ணால் கண்டதை வரைவேன் என்று ஒரு கலைஞன் அடம்பிடித்ததால் கிடைத்த சாட்சியம் இது. பேக்வெல்லை ஒற்றை நாயகனாக்கும் கதையாடலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவருக்கு வெகு முன்பே, மத்தியகாலத்தின் இறுதியிலிருந்தே, இங்கிலாந்தின் ஆடுமாடுகள் பெருக்கத் தொடங்கியதை எலும்புகள் காட்டுகின்றன. 1348இன் கொள்ளைநோய்க்குப் பின் ஆட்கள் குறைந்து மேய்ச்சல் நிலம் பெருகியதோடு இதை இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

குதிரைக்கு வருவோம். பொம்மைப் பெட்டியின் மாவீரன் ஏறியிருப்பது வண்டியிழுக்கும் ராட்சதக் குதிரை. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 4ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான குதிரையெலும்புகளை அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலான குதிரைகள் 148 செ.மீ.க்கும் குறைவு, இன்றைய கணக்கில் மட்டக்குதிரைகள். அதிகாரம் தன்னைப் பெரிதாக நினைவுகூர்கிறது, குதிரையையும் சேர்த்து. குட்டைக் குதிரையின்மேல் அந்த அதிகாரத்துக்கு இருந்த கோபமும் பதிவாகியிருக்கிறது. எட்டாம் ஹென்றியின் 1540ஆம் ஆண்டுச் சட்டம், பல மாவட்டங்களில் 15 கைப்பிடிக்கு, அதாவது 152 செ.மீ.க்குக் குறைந்த பொலிக்குதிரைகளைப் பொதுமேய்ச்சலில் விடக்கூடாது என்றது. பொதுநிலத்தை நம்பி ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தவன் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி செம்மறி. வாரம் பெர்சியின் கதையே அதில்தான் இருக்கிறது. 1500ஐ ஒட்டி அங்கிருந்த கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு நிலம் ஆட்டு மேய்ச்சலாக்கப்பட்டது. சாதுவான ஆடுகள் மனிதரைத் தின்னத் தொடங்கிவிட்டன என்று தாமஸ் மோர் 1516இல் ‘உட்டோப்பியா’வில் எழுதியதற்குப் பின்னணி இப்படிப்பட்ட ஊர்கள்தான். அந்த நூலைப் படித்தவர்கள் மனசில் எழும் ஆடு அநேகமாகப் பஞ்சுப்பொதி போன்ற இன்றைய ஆடு. எலும்புகள் காட்டுவதோ தோளில் 55, 60 செ.மீ. நிற்கிற, மெலிந்த கால்களுடைய பிராணி. 1:72இல் 8 மி.மீ. பண்ணைப் பெட்டியின் ஆடு 10 மி.மீ.க்கு மேல். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடலாம்தான். விட்டால், குடியானவரைத் துரத்தியது ஏதோ பெரிய, கொழுத்த, தவிர்க்கமுடியாத ஒன்று என்றாகிவிடும். ஓர் ஊரைக் காலிசெய்ய முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வரும் ஆடும், கம்பளி விலையும், ஒரு நிலப்பிரபுவும் போதுமாயிருந்தது.

1520இன் வாரம் பெர்சியைச் செய்பவர், 1:87 பெட்டியிலிருந்து ஆடுகளை எடுத்து, கம்பளியைக் கால்பக்கம் அராவிக் குறைத்துக்கொள்ளலாம். தேவாலயம் நிற்கட்டும். வீடுகள் இருந்த இடத்தில் 5 மி.மீ. மண்மேடுகள், அவற்றின்மேல் புல், புல்லின்மேல் ஆடுகள். மனித உருவம் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும், மேய்ப்பன். 24 மி.மீ.