தோல் வணிகரின் பெயர் தாங்கிய கல்லூரி

கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, இராஜகிரி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று தஞ்சைத் தரணியின் எந்த முஸ்லிம் ஊரை எடுத்துக்கொண்டாலும், "ஜமாலில் படித்தேன்" என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே இருப்பார்கள். ஜமால் என்றால் திருச்சிராப்பள்ளியில் உள்ள ஜமால் முகமது கல்லூரி. அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பது நம் பிள்ளைகள் பலருடைய நினைவில் இல்லை.

ஹாஜி எம். ஜமால் முகமது சாகிப் சென்னையின் பெரும் தோல் வணிகர்களுள் ஒருவர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோலுக்கு அந்நாளில் இலண்டன் சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் சென்னைப் பெரியமேட்டுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறும். உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களின் காலணிக்காக அதன் தேவை பெருகியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஏற்றமும் வீழ்ச்சியும் மாறிமாறி வரும் தொழில் அது. இத்தகைய தொழிலில் இருப்பவர் கையில் பணம் சேரும்போது அதை இறுகப் பிடித்துக்கொள்வதே இயல்பு. ஜமால் முகமது குடும்பத்தின் இயல்போ வேறாக இருந்தது. அவருடைய தந்தை ஜமால் முஹைதீன் சாகிப் சென்னைப் பெரம்பூரில் ஜமாலிய்யா அரபிக் கல்லூரியை நிறுவியவர். தந்தை வைத்த விளக்கை அணையாமல் காத்த மகன், அதன் அருகில் வேறு விளக்குகளையும் ஏற்றினார்.

அவற்றுள் நாம் பெரிதும் வியப்பது 1920-களின் சென்னைச் சொற்பொழிவுகளை. ஆங்கிலக் கல்வி பெற்ற முஸ்லிம் இளைஞர்களுக்குத் தம் மார்க்கத்தை அறிவார்ந்த முறையில் எடுத்துரைக்க, நாட்டின் தலைசிறந்த அறிஞர்களைச் சென்னைக்கு வரவழைக்கும் முயற்சியில் ஜமால் முகமது முன்னின்றார். 1925-இல் மௌலானா சையித் சுலைமான் நத்வி வந்து, பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகி, உருது அறிந்த உலகெங்கும் "குத்பாத்தே மதராஸ்" என்று நம் தலைநகரின் பெயரோடு இன்றும் வாசிக்கப்படுகின்றன. 1927-இல் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மர்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்து மூன்று உரைகள் நிகழ்த்தினார். பின்னாளில் இஸ்லாமிய சிந்தனை உலகையே அசைத்த அவருடைய ஆங்கில நூலின் முதல் பகுதிகள் சென்னையில்தான் முதலில் ஒலித்தன. (அதே பயணத்தில் இக்பால் காவிரி சூழ்ந்த சீரங்கப்பட்டணத்துக்குச் சென்று திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தையும் கண்டார்.) எளிய உடை உடுத்திய ஒரு பெருவணிகர் தத்துவம் பேசுவதைக் கண்டு கவிஞர் வியந்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

பசித்தவனுக்குச் சோறிடுவது கொடை என்பதை எவரும் அறிவர். ஒரு தலைமுறையின் ஐயங்களுக்கு விடை தேடித் தரவும் பொருள் செலவிடலாம் என்று நினைத்த வணிகர்கள் அன்று மிகச் சிலரே. இன்றும் சிலரே என்று சொல்ல நேர்வது நமக்கு வருத்தம்.

பொதுவாழ்விலும் அவர் பின்தங்கவில்லை. 1931-இல் இந்திய வணிகர் சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தார். அவ்வாண்டு இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், ஜி.டி. பிர்லா ஆகியோருடன் இந்திய வணிகர்களின் குரலாக அமர்ந்தார்.

இனி திருச்சிக்கு வருவோம். காவிரி முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, கல்லணையைத் தாண்டி விரியும் நெல்வயல் நாட்டின் தலைவாசல் அந்நகரம். 1951-இல் ஹாஜி ஜமால் முகமது சாகிப், திருச்சி ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு வள்ளல்களின் கொடையால் அங்கே கல்லூரி எழுந்தது. காஜாமியான் ராவுத்தரின் பெயரைத் திருச்சியில் ஒரு மேல்நிலைப்பள்ளியும் தாங்கி நிற்கிறது. ஆனால் டெல்டா மக்கள் ஒரு பெயரைச் சொல்லும்போது மற்றதை மறந்துவிடுகிறார்கள். இருவரையும் சேர்த்தே நினைப்பதுதான் முறை.

அதற்கு முன் இப்பகுதியில் கல்லூரிகள் இல்லாமலில்லை. கும்பகோணத்தில் 1854 முதல் அரசுக் கல்லூரி இருந்தது. கணித மேதை இராமானுஜன் கால்வைத்த இடம் அது. 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. எனினும் நம் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கின. தொழுகைக்கு இடமும், ஹலாலான உணவும், பழகிய சூழலும் இல்லாத விடுதியில் பதினாறு வயது மகனை விட்டுவரத் தாய்மாருக்கு மனம் வரவில்லை. இதைவிட வலிய காரணம் ஒன்றும் இருந்தது: சபர். மகனுக்கு மீசை அரும்பியதும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புவதே வழக்கம். சென்னை வழியாக ரங்கூனுக்குப் போனவர்களும் உண்டு. சபுராளி அனுப்பும் பணத்தில் வீடு எழும், குமர் கரையேறும், பள்ளிவாசலுக்குப் புதிய மினாரா உயரும். படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அந்தப் பணமே பதிலாக இருந்தது.

1942-இல் அந்தப் பதில் பொய்த்தது. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, கடையையும் சரக்கையும் விட்டுவிட்டுக் கால்நடையாகத் தாயகம் நோக்கிப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். மலாயாவிலிருந்து பல மாதங்கள் கடிதமே வரவில்லை. போருக்குப் பின் பர்மா திரும்பிக் கடையை மீண்டும் எழுப்பியவர்களும் 1960-களின் நாட்டுடைமையில் வெறுங்கையோடு வந்தனர். இவ்விரு இடிகளுக்கும் நடுவே கல்லூரி தோன்றியதால்தான் நம் ஊர்கள் அதை அத்தனை விரைவில் ஏற்றுக்கொண்டன என்பது நம் கருத்து. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஊர் திரும்பினர். மார்க்கம் பாராது எல்லாச் சமுதாய மாணவர்களுக்கும் அதன் கதவு திறந்தே இருந்தது. 1955-இல் டெல்டாவின் கடலோர விளிம்பில், அதிராம்பட்டினத்தில், எம்.கே.என். மதரஸா டிரஸ்ட் காதிர் முகைதீன் கல்லூரியைத் தொடங்கியபோது, "நம்மூரிலும் முடியும்" என்ற துணிவு பிறந்துவிட்டது.

மனிதன் இறந்தபின்னும் நில்லாது தொடரும் நன்மைகள் மூன்று என்று நபிமொழி கூறுகிறது: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. ஜமால் முஹைதீன் சாகிபுக்கு அம்மூன்றும் ஒரே மகன் வழியாகக் கிட்டின. அந்த மகனுக்காக துஆச் செய்யத் தம் பிள்ளைகளோடு திருச்சியில் படித்த ஊரார் பிள்ளைகளும் உண்டு. அல்லாஹ் அத்தந்தைக்கும் மகனுக்கும் காஜாமியான் ராவுத்தருக்கும் தன் அருளைச் சொரிவானாக. ஆமீன்.