வைகறை வானூர்தியும் பால்வெட்டும்

பொழுது புலருமுன் எழுந்து, வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி, கதிரவன் தோன்றுவதை வானிலிருந்து காண்பது இக்காலத்து விடுமுறைப் பயணங்களில் ஒன்றாகிவிட்டது. கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புத்ராஜெயா நகரில் 2009-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அனைத்துலக வெப்பக்காற்றுப் பலூன் விழா முதன்முறையாக நடைபெற்றது. பல வண்ணப் பலூன்கள் ஏரிக்கரைத் திடலிலிருந்து எழும்புவதைக் காண, கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்தனர்.

இந்தக் காட்சியில் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பலூன் எழுவதற்கு ஏற்றதென அறிஞர் தேர்ந்த அதே வைகறைப் பொழுதில்தான், அதே மண்ணில், முக்கால் நூற்றாண்டுக் காலம் தமிழ்த் தொழிலாளர் இரப்பர் மரத்தில் பால் வெட்டினர். இருவரும் வைகறையை நாடியதற்கு அடிப்படைக் காரணமும் ஒன்றே. அது வெயில் ஏறாத பொழுதின் குளிர்ச்சி.

வானூர்தி பற்றிய தமிழர் எண்ணம்

வானில் செல்லும் ஊர்தி பற்றிய எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நற்செயல் புரிந்தோர் பாகன் செலுத்தாத வான ஊர்தியைப் பெறுவர் என்னும் கருத்து வருகின்றது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறி விசயை தப்பிச் செல்கிறாள். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும்; இடப்புறம் திருகினால் தரையிறங்கும். புலவர்தம் கற்பனையே எனினும், ஏறுதலும் இறங்குதலும் செலுத்துவோர் கைக்கு அடங்கியவை என்னும் எண்ணம் அதில் தெளிவாக உள்ளது.

வெப்பக்காற்றுப் பலூனின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே. ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே ஓட்டுநர் கையில் உள்ளன. நெருப்பைக் கூட்டினால் ஏறும். உச்சியிலுள்ள திறப்பை விரித்துச் சூடான காற்றை வெளியேற்றினால் இறங்கும். திசையோ காற்றின் வசம். வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசுவதால், வேண்டிய காற்றுள்ள உயரத்தைத் தேடிச் சென்று அதனோடு மிதப்பதே ஓட்டுநரின் திறமையாகும்.

பலூன் பிறந்த கதை

பிரான்சு நாட்டில் காகிதத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த மோன்கோல்பியே சகோதரர் இருவர், 1783-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அன்னொனே என்னும் ஊரில் ஒரு பலூனை மக்கள் முன்னிலையில் பறக்கவிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் வெர்சேல்சு அரண்மனை முன் ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் வானில் ஏற்றப்பட்டன. அவை உயிருடன் தரை சேர்ந்ததைக் கண்ட பின்னரே மனிதர் துணிந்தனர். நவம்பர் 21-ஆம் நாள் பிலாத்ர தெ ரோசியே, ஆர்லாந்து பிரபு ஆகிய இருவரும் பாரிசு நகரின்மீது ஏறத்தாழ 25 நிமிடம் மிதந்தனர்.

பத்தே நாளில், டிசம்பர் முதல் நாளன்று, சார்ல் என்னும் அறிவியலார் ஐதரசன் வாயு நிரப்பிய பலூனில் ஏறினார். வாயுப் பலூன் நெடுநேரம் மிதக்கவல்லது. வைக்கோல் தீயை நம்பிய வெப்பக்காற்றுப் பலூன் அதனோடு போட்டியிட இயலாமல் பின்தங்கியது. இந்திய மண்ணில் 1889-ஆம் ஆண்டு கல்கத்தாவில், ஆங்கிலேயரான பெர்சிவல் ஸ்பென்சரிடம் பழகிய ராம்சந்திர சட்டர்ஜி பலூனில் ஏறிப் புகழ் பெற்றார். அதுவும் வாயுப் பலூனே.

வெப்பக்காற்றுப் பலூனுக்கு மறுவாழ்வு தந்தவர் அமெரிக்கரான எட் யோஸ்ட். அவர் 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நெப்ராஸ்கா மாநிலத்தில், நைலான் துணியாலான கூட்டின்கீழ் புரோபேன் வாயு அடுப்பைப் பொருத்திப் பறந்து காட்டினார். சமையலறை வாயுவின் இனத்தைச் சேர்ந்த இவ்வெரிபொருளைக் கலத்தில் அடைத்து உடன் கொண்டுசெல்லலாம்; வேண்டும்போது எரிக்கலாம்; வேண்டாதபோது அணைக்கலாம். இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பலூன்கள் அனைத்தும் இவ்வழி வந்தவையே. அவற்றின் கூடையோ பெரும்பாலும் இன்றும் பிரம்பால் பின்னப்படுகின்றது. தரையில் மோதும்போது பிரம்பு வளைந்து அதிர்ச்சியைத் தாங்கும், ஒடிந்து சிதறாது. மலாய்க் காடுகளின் பிரம்பு உலகச் சந்தையில் பெயர் பெற்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

வைகறை ஏன்?

சூடான காற்று இலேசானது. பலூனுக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளியில் இருக்கும் காற்றுக்கும் உள்ள எடை வேறுபாடே அதனைத் தூக்குகின்றது. உட்காற்றை 100 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் சூடேற்றினால் துணி பழுதுபடும். ஆகவே, வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் ஆற்றல் மிகும். 2,800 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூன் ஒன்று, வெளிக்காற்று 5 பாகையாக இருக்கும் குளிர்நாட்டில் ஏறத்தாழ 900 கிலோ எடையைத் தூக்கும். 25 பாகையாக இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் விடியற்காலையிலோ ஏறத்தாழ 660 கிலோதான் தூக்கும். துணி, கூடை, அடுப்பு, வாயுக்கலங்கள் ஆகியவற்றின் எடையைக் கழித்த பின்னரே ஆட்களுக்கு இடம். எனவே, நண்பகல் வெப்பம் இந்நாட்டில் பலூனுக்குப் பகை.

இரண்டாவது காரணம் காற்றின் அமைதி. இரவில் தரை குளிர்கின்றது. அதனையொட்டிய காற்றும் குளிர்ந்து அடங்குகின்றது. கதிரவன் ஏறிய சில மணி நேரத்தில் தரை சூடேற, காற்று கொப்பளித்து மேலெழத் தொடங்கும். பிற்பகலில் இடியும் மழையுமாக முடிவதும் இதனால்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இதனை நன்கறிவர்.

இதனோடு பால்வெட்டை ஒப்பிடுக. இரப்பர் மரத்தின் பட்டையிலுள்ள பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையில். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. மரத்தினுள் அழுத்தம் குறைகின்றது. பால் ஓட்டம் தளர்கின்றது. எனவேதான் தோட்டங்களில் விடியுமுன்னரே பெரட்டு நடந்தது. தண்டவாளத் துண்டில் அடித்த மணியோசை கேட்டு லயங்களில் அடுப்பு எரிந்தது. ஆணும் பெண்ணும் தலையில் விளக்கைக் கட்டி, உளியும் வாளியும் ஏந்தி, தத்தம் நிரைக்குச் சென்றனர். முந்நூறு நானூறு மரங்களை வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலைத் திரட்டிக் காண்டாக் கம்பில் சுமந்து கொட்டகையில் நிறுத்தபின்னரே அவர்களுக்கு ஓய்வு. மழை பெய்தால் பலூனும் எழாது, பால்வெட்டும் நடவாது. பயணிக்கு அஃது ஏமாற்றம். தொழிலாளிக்கோ கூலி இழப்பு.

தமிழர் வந்த வழி

1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அதன்பின் ஓலைக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்டுமாறு அடுத்த ஆண்டில் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்காம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் அது கிள்ளான் நகரை எட்டியது. பாதை போட்டோரில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்தோரில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பேட்டையானது இவ்வாறே.

1901-இல் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அத்துறையில் இறங்கிய தமிழர் பல்லாயிரவர் சிலாங்கூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர்.

அத்தோட்டங்களுள் ஒன்று பிராங் பெசார். முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய ஆங்கிலப் படையினர் 1921-ஆம் ஆண்டு அதனை நிறுவினர். மலாய் மொழியில் அப்பெயருக்குப் ‘பெரும் போர்’ என்பது பொருள். மிகுபால் தரும் ஒட்டுமரக் கன்றுகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அத்தோட்டம் உலகப் புகழ் பெற்றது. இலங்கையிலும் கேரளத்திலும் பரவலாக நடப்பெற்ற பி.பி. 86 என்னும் மரவகையின் முன்னெழுத்துகள் பிராங் பெசாரையே குறிப்பன. அந்த மரங்களை நட்டும் ஒட்டியும் வெட்டியும் அளந்தும் உழைத்த கைகளுள் தமிழர் கைகள் பல. மரவகைக்குத் தோட்டத்தின் பெயர் வாய்த்தது. உழைத்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

ஊர்தியும் உரிமையும்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் கூலி உயர்வு, நல்ல மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றுடன் மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர்.

மிதிவண்டியில் அமர்ந்தபடியே செல்லும் உரிமையைக் கேட்டு உயிர் கொடுத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வானில் ஏறிச் செல்லும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. ஆயினும் அம்மாற்றம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்த்ததா என்பது வேறு வினா.

தோட்டம் நகரான பின்

1995-ஆம் ஆண்டு புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கிற்று. மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் புத்ராவின் பெயரை அது தாங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்குக் குடிபெயர்ந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஓடைகள் அணையால் தடுக்கப்பட்டு ஏறத்தாழ 650 ஹெக்டர் பரப்புள்ள ஏரி உருவாயிற்று. பலூனில் ஏறுவோர் காணும் நீர்ப்பரப்பு அதுவே.

பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் அருகிலுள்ள டிங்கில் ஊரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிமாற்றப்பட்டன. தரை வீடு வேண்டும் என்னும் அவர்களது கோரிக்கை பல ஆண்டுகள் தொடர்ந்தது. நகரங்கள் எழுவதும் தோட்டங்கள் மறைவதும் காலத்தின் போக்கு. அதனைத் தடுக்க இயலாது. ஆனால், நிலம் கைமாறும்போது அதில் வாழ்ந்தோரின் வரலாறும் உடன் அழிந்துபோகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. லயமும் கோயிலும் பெரட்டுக் களமும் போனபின், எஞ்சியிருப்பவை முதியோரின் நினைவும் அவர்தம் சொற்களுமே. பெரட்டு, மங்கு, நிரை, ஒட்டுப்பால், காண்டா என்னும் சொற்கள் அகராதியில் ஏறுமுன்னே வழக்கொழியும் நிலையில் உள்ளன.

தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் வைகறையை, உழவர் உழைக்கும் மருத நிலத்திற்கு உரியதாகத் தொல்காப்பியர் வகுத்தார். விடியலை உழைப்போடு சேர்த்து எண்ணியது அம்மரபு. மாணவரைப் புத்ராஜெயாவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், வானில் எழும் பலூனைக் காட்டி வெப்பத்தின் இயல்பை விளக்குவர், அது நன்று. அவ்வேளையில் தரையையும் சுட்டிக்காட்டி, அங்கே விளக்கேந்தி நடந்தோர் யாவர் என்பதையும் சொல்வாராயின் பாடம் நிறைவுறும். டிங்கில் வாழும் முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தல், ஒரு பள்ளி ஒரே விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய பணியேயாகும்.